பதினொருவர் கணக்கு

காலபோக அறுவடை முடியும் தறுவாயில் பரந்தன் சந்தியிலோ முள்ளியவளையிலோ ஒரு தேநீர்க்கடையில் அரைமணி நேரம் இருந்து பார்த்தவர்களுக்கு இக்காட்சி பழக்கமானது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பர். ஒருவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருப்பார்.

"கோல் காப்புக்கு ஆள் இருக்கு. பின்களத்துக்கு இரண்டு பேர். மற்றவன் கட்டாருக்குப் போயிட்டான். அவன்ரை தம்பிக்கு இந்த வருசம் சோதனை, தகப்பன் விடார்."

"அப்ப உங்கடை ஆக்கள் முதற் சுற்றோடை வீட்டை."

"பாப்பம் அண்ணை. போன முறையும் இப்பிடித்தான் சொன்னியள்."

உதைபந்தாட்டப் பருவம் பிறக்குமுன் தத்தம் அணியின் வெற்றி தோல்வியைப் பற்றி எழும் இவ்வாதம் மணிக்கணக்கில் நீளும். சென்ற ஆண்டு இறுதியாட்டத்தில் சமநிலை தவிர்ப்பு உதையை வானத்துக்கு அடித்தவன் யார் என்பதில் தொடங்கி, அவன் பாட்டன் காலத்துக் காணிச் சண்டை வரை செல்லும். வேலையற்றவர் பேச்சு என்று இதனை ஒதுக்கிவிடுவோர் பலர். வன்னியின் வரலாற்றை எழுதியோரும் குளங்களைப் பற்றி எழுதினர், வன்னிமைகளைப் பற்றி எழுதினர், வற்றாப்பளைக் கண்ணகியைப் பற்றி எழுதினர்; தேநீர்க்கடை மேசையில் மடிக்கப்படும் விரல்களை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஆயின் அவ்விரல் மடிப்பு ஓர் ஊரின் குடிக்கணக்கு ஆகும். யார் இருக்கிறான், யார் போய்விட்டான், ஏன் போனான் என்பதை ஆண்டுதோறும் பிசகாது எடுக்கும் கணக்கு அது.

இதனை நான் உவமையாகச் சொல்லவில்லை. இலங்கை அரசாங்கம் 1981 இல் குடிசன மதிப்பீடு எடுத்தது. அதன்பின் 1991 இல் எடுக்கவில்லை. 2001 இல் எடுத்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களுக்குள் கணக்கெடுப்போர் நுழைய முடியவில்லை. மறுபடியும் அங்கு முழுமையாகத் தலை எண்ணப்பட்டது 2012 இலேயே. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் வன்னிப் பெருநிலத்தின் இளைஞரை ஆண்டுக்கொருமுறை பெயர் சொல்லி எண்ணியவர்கள், மேற்படி மேசையில் இருந்தவர்களே.

பதினொருவர் என்பது வன்னியில் எப்போதும் எளிதான எண்ணாக இருந்ததில்லை. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிசின் 'வன்னி மாவட்டங்கள்' கையேட்டைப் புரட்டினால் தெரிவது காடும் உடைந்த குளங்களும் காய்ச்சலும் அருகிக்கொண்டிருந்த குடிகளுமே. யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் பள்ளிகளில் வெள்ளையரின் பந்து உருளத் தொடங்கிய காலத்தில், வன்னியின் குளத்துக் கிராமங்கள் பலவற்றில் இரு அணிக்கு 22 வாலிபர்களைத் திரட்டுவதே அரிதாக இருந்திருக்கும். மனிதரைக் கொண்டுவந்தது தண்ணீர். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டது. 1930களில் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. 1950களிலும் அதற்குப் பின்னும் வவுனிக்குளம், முத்தையன்கட்டுத் திட்டங்கள் வந்தன. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. தீவுப்பகுதியிலும் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் காணி போதாதவர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். வாய்க்கால் வந்த இடத்தில் வாசிகசாலையும், வாசிகசாலை வந்த இடத்தில் விளையாட்டுக் கழகமும் தோன்றுவது வடக்கின் வழமை. முல்லைத்தீவுக் கரையின் கதை வேறு. சிலாவத்தை, அளம்பில் போன்ற மீனவர் ஊர்களில் கோவிலும் கரைவலையும் கடற்கரை மணலும் இருந்தன. மணலில் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவன் புற்றரையில் எவ்வளவு விரைவாக ஓடுவான் என்பதை உள்நாட்டு அணிகள் பலமுறை நொந்து அறிந்திருக்கின்றன.

கழகம் என்றவுடன் சமத்துவம் பொங்கி வழிந்ததாகக் கருதவேண்டாம். வடபகுதியில் விளையாட்டுக் கழகம் பெரும்பாலும் குறிச்சிக்குரியது, குறிச்சி சாதிக்குரியது. மைதானத்தில் ஒரே பந்தை உதைத்தவர்கள் ஆட்டம் முடிந்ததும் ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கவில்லை. வன்னிக்குக் குடிவந்தவர்கள் பெட்டி படுக்கையோடு இதனையும் கொண்டுவந்தார்கள். ஆயினும் புதிய நிலத்தில் பழைய வேலியை அப்படியே நாட்டுவது கடினம். 1958 இலும் 1977 இலும் இனக்கொடுமைக்குத் தப்பி மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தோர் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், தருமபுரம் போன்ற ஊர்களில் குடிசை போட்டனர். அவர்கள் பிறர் வயலில் கூலிகள். பலருக்குக் காணி உறுதி இல்லை. சிலருக்குக் குடியுரிமையே இல்லை. சங்கக்கடை வரிசையில் கடைசியில் நிறுத்தப்பட்டவனின் மகனை, இடதுபக்கத்தில் வேகமாக ஓடக்கூடியவன் வேறெவனும் இல்லாத காரணத்தால், அணியில் முதலில் எழுதவேண்டிய தேவை வந்தது. இதனைப் பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன். பதினொருவர் தேவை என்ற விதி, மனிதரின் மனத்தைவிட நேர்மையானதாக இருந்தது.

இடம்பெயர்ந்த மக்கள் ஒரு கழகத்தைப் பற்றிக்கொண்டு நிமிர்வது நம்மிடம் மட்டும் கண்ட புதுமையன்று. கல்கத்தாவில் 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யோர்க்சயர் படையணியை 2-1 என வென்று கேடயத்தைக் கைப்பற்றியது. அடிமை நாட்டுக்கு அது பெருஞ் செய்தி. 1920 இல் கிழக்கு வங்கத்தார் பெயரால் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றிற்று. 1947 பிரிவினையின்பின் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து வந்து, கல்கத்தாவின் ஓரங்களில் காலனிகள் அமைத்து வாழ்ந்தபோது, இழந்த ஊரின் பெயர் அவர்களுக்கு அந்தக் கழகத்திலே மட்டும் மிஞ்சியிருந்தது. பருவம் தொடங்குமுன் அங்கு நடக்கும் வாதங்களில் இல்லமே இரண்டுபடும் என்பர். எவ்வாறாயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும். வங்கத்து அகதி ஊரை இழந்து கழகத்தைப் பெற்றான். கழகத்தின் மைதானம் நகர நடுவில் அசையாது கிடந்தது. வன்னியான் ஊரையும் மைதானத்தையும் ஆட்டக்காரரையும் ஒருங்கே இழந்தான். அதுவும் ஒருமுறையன்று.

1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் தம் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தது. அவர்களிற் பெருந்தொகையினர் கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி படையினர் கைக்குச் சென்றதும், வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று நகர்ந்தனர். 1998 செப்டெம்பரில் நகரம் மீண்டபோது சுவர்களே மிஞ்சியிருந்தன. அந்த ஆண்டுகளில் மேசையைச் சுற்றி எண்ணியவர்கள் என்ன எண்ணினார்கள் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். அணிக்கு வேண்டிய வயதும் போருக்கு வேண்டிய வயதும் ஒன்றே. பதினாறு முதல் இருபத்தைந்து. ஒருவன் தானாக இயக்கத்துக்குப் போனான். இன்னொருவனைப் பின்னாளில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். வேறொருவன் கிபிர் விமானத்தின் குண்டில் மாண்டான். ஒருவன் விறகு வெட்டப் போய் மிதிவெடியில் காலிழந்தான். வலது காலால் உதைப்பவனா, இடது காலாலா என்ற வினா வேறு பொருள் பெற்ற காலம் அது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. அணிகள் முகமாலையைக் கடந்து யாழ்ப்பாணம் செல்ல இயன்றது. அப்பருவங்களில் வாதம் தன் இயல்பான சிறுமைக்குத் திரும்பிற்று: நடுவர் யார் பக்கம், சப்பாத்து யாருடையது, பந்து போதிய காற்றுடன் இருந்ததா. இச்சிறுமை எத்துணைப் பெரும் பேறு என்பதைப் போரைக் காணாதவர் அறியார். 2004 டிசெம்பர் 26 அன்று கடல் முல்லைத்தீவுக் கரையை வாரிக்கொண்டு போயிற்று. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சியும், மே 18 இல் முள்ளிவாய்க்காலில் எல்லாமும் முடிந்தன. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் மைதானத்தில் உடனே இறங்கவில்லை. முதலில் கண்ணிவெடி அகற்றுவோர் இறங்கவேண்டியிருந்தது. சில ஊர்களில் நிலமே படைமுகாமாகிக் கிடந்தது. கேப்பாப்பிலவை அடுத்த பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 முதல் ஒரு மாதம் தெருவிலிருந்து போராடித் தம் காணியை மீட்டனர். அதே ஆண்டு பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலருகே அமர்ந்தனர். அத்தாய்மார் ஏந்திய படங்களைக் கூர்ந்து நோக்கியவர்களுக்குத் தெரியும்: எத்தனையோ படங்களில் இருப்பது ஆட்ட வயதுப் பையன்.

2018 இல் வடக்கு கிழக்குப் பிரீமியர் லீக் என்ற பெயரில் போட்டி தொடங்கப்பட்டபோது, பன்னிரண்டு அணிகளுள் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ், வவுனியா வோரியர்ஸ் என மூன்று இந்நிலத்துக்குரியவை. அரசரும் போர்வீரரும் சாம்பலிலிருந்து எழும் பறவையுமாக இப்பெயர்களைச் சூட்டியவர்கள் வன்னியின் அண்மைக் காலத்தைக் கருதித்தான் சூட்டினார்களோ, ஐரோப்பிய அணிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் சூட்டினார்களோ நானறியேன். வியாபாரப் பெயரானாலும் அவ்வாண்டு வாதம் சூடாக நடந்தது என்பதை மறுக்க முடியாது. 2023 இல் இலங்கைச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் ஏழு மாதம் இடைநிறுத்திய செய்தி, அரிதாள் வயலில் ஆடுவோரைப் பெரிதாக வருத்தவில்லை. அவர்களை இன்று வருத்துவது வேறு. கட்டாரும் சவூதியும் ஆட்டக்காரரைக் கேட்கின்றன. நுண்கடன்காரன் வாசலில் நிற்கிறான். கொழும்புக் கட்டட வேலைக்காரனுக்கு லீவு கிடைப்பதில்லை. பெண்பிள்ளைகள் பந்தாடத் தொடங்கிவிட்டார்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கை வெற்றியும் பெற்றார்கள். ஆனால் தேநீர்க்கடை மேசையில் பெண்ணுக்கு இன்னும் கதிரை போடப்படவில்லை.

மேசைக்குத் திரும்புவோம். விரல்கள் பத்தில் நின்றுவிட்டன. பதினோராமவனாக ஒரு பெயர் சொல்லப்பட்டது. அவன் வவுனியாவில் வேலை, சனிக்கிழமை மட்டுமே வரமுடியும் என்று மறுக்கப்பட்டது. இன்னொருவன் வயலில் நிற்கிறான். வெட்டு மிசின் வரப் பிந்துகிறதாம், நெல் ஏறும்வரை அவனைக் கேட்கக்கூடாதாம். மாறி மாறி நெடுநேரம் பேசினார்கள். இறுதியில், முதற் போட்டியை ஒரு கிழமை தள்ளிவைக்கும்படி லீக் செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுப்பது என்று முடிவாயிற்று. காரணம் என்ற இடத்தில் அறுவடை என்று எழுதினார்கள்.