எலும்பா, மரமா?

பெரம்பலூர்ச் சீமையில், சாத்தனூரில் ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். கண்ணுக்கு மரம், தொட்டால் கல். இந்தப் பூமி கடலாயிருந்த காலத்தில் புதையுண்டு, மெள்ள மெள்ள மரம் போய் அந்த இடத்தில் சிலிக்கா குடியேறிவிட்டது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். இன்று வேலி போட்டுக் காக்கிறார்கள்.

அரியலூரை அடுத்த கல்லமேட்டு எலும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிபுணர்கள் அதற்கு 'ப்ருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். பெருத்த உடம்புக்காரன் என்று பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! முதலில் மாமிச பட்சணி என்றார்கள்; பிறகு தழை தின்னும் ஜாதி என்றார்கள். இதற்குள் எலும்பு நொறுங்கிப் போயிற்று. அப்புறம் எழுந்தது சந்தேகம்: அது எலும்புதானா, சாத்தனூரைப் போலக் கல்லான மரமா? 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளிவந்தன. ஆனால் படத்தைப் பரிசோதிக்க முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். இவ்விரண்டு ஊர்களும் பழைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. அதே ஜில்லாவில், திருவானைக்காவில், 1888-ல் பிறந்தவர்தான் சி.வி. ராமன். ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்பும் ஒளியில் சிறு பகுதி நிறம் மாறுகிறது என்று 1928-ல் அவர் கண்டார். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு. குவார்ட்ஸ் என்றால் அலை எண் 464-ல் கோடு விழும். எலும்பின் அபடைட் தாதுவானால் 960-ஐ ஒட்டி விழும். ஒரு துணுக்கு மிஞ்சியிருந்தால் வழக்கு பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

ஆனால் கருவி தருவது வெறும் நெளிகோடு. இரைச்சலை அடக்கி, பின்னணி ஒளியைக் கழித்து, தெரிந்த பொருள்களின் கோடுகளோடு ஒப்பிட்டு வகை சொல்வது கணினி நிரலின் வேலை. இப்போது அந்த நிரல்களையே பலர் பொதுவில் வைத்துவிட்டார்கள். 2021-ல் வெளிவந்த 'ஓபன் ஸ்பெசி' பிளாஸ்டிக் துகள்களை இனங்காண எழுதப்பட்டது. தாதுக்களின் கோடுகளுக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் 'ரஃப்' தொகுப்பு இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை.

காசு மிச்சம் என்பதல்ல விஷயம். மூடிய நிரல் 'எலும்பு' என்றால் கோடாங்கி வாக்குப்போல் நம்பவேண்டியதுதான். திறந்த நிரலானால், எதைக் கழித்தாய், எதோடு ஒப்பிட்டாய் என்று அரியலூர்க் கல்லூரிப் பையனும் கேட்கலாம். தானே செய்தும் பார்க்கலாம்.

கல்லமேட்டில் நாம் எலும்பை மட்டும் இழக்கவில்லை. சந்தேகப்பட்டவன் சரிபார்க்கும் வழியையும் இழந்தோம். அடுத்த எலும்பும் நொறுங்கலாம். அதன் கோடாவது எல்லோர் கையிலும் இருக்கட்டும்.