வடுவும் வகைப்பாடும்

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1952ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட உளநோய்க் கையேடு, 1980இல் வந்த மூன்றாம் பதிப்பிற் பெருமாற்றம் கண்டது. நோயின் மூலம் பற்றிய கோட்பாடுகளை ஒதுக்கிவிட்டுக் குறிகுணங்களை எண்ணி நோயைத் துணியும் முறை அப்பதிப்பிலேயே நிலைபெற்றது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என வழங்குவதும் அதிலேதான் முதலில் இடம்பெற்றது. வியட்நாம் போரினின்று மீண்ட படைவீரருக்காகக் குரல் கொடுத்தோரின் முயற்சி அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. போர்க்களத்தை விட்டு வீடு திரும்பிய ஒருவனே அப்பெயரின் பின்னால் நிற்கிறான் என்பது மனங்கொள்ளத்தக்கது.

யாழ்ப்பாணத்திலோ போர் வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. ஆயினும் அவ்வகைப்பாடு இங்கு பயனற்றதாயிற்று எனக் கூறிவிட முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் தமிழ் நூலிலும், 1998இல் வெளியான ஆங்கில நூலிலும், குடிமக்கள் பட்ட துயரை உலக மருத்துவம் மறுக்கவியலாத மொழியிற் பதிவுசெய்தார். கோழைத்தனம் என்றோ செய்வினை என்றோ தள்ளப்படக்கூடியது, நோயென மதிக்கப்பட்டது. அது சிறிய பேறன்று.

ஆனால் 'பிற்பட்ட' என்னும் சொல்லிலேயே இடர்ப்பாடு இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில், திருநெல்வேலியை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அவ்வாறு பெயர்ந்தோருக்கு நெருக்கீடு எப்போது முடிந்தது? மேலும், "நெஞ்சு பாரமாய்க் கிடக்கு" என்றும், பெருமூச்சு என்றும் துயரை உடல்வழிச் சொல்வோரிடம், கையேட்டின் வினாக்களுக்கு விடை எளிதிற் கிட்டுவதில்லை. தனிமனிதனை மட்டும் அளப்பது போதாது, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுற்றன என்பதைச் சோமசுந்தரம் 2007இல் 'கூட்டு மனவடு' பற்றிய கட்டுரையில் விரித்துரைத்தார்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டு உதவியாளர் பலர் வினாக்கொத்துகளுடன் இலங்கைக்கு வந்தனர். புள்ளிகளைக் கூட்டி நோயாளரைக் கணக்கிடுவது இலகுவான வேலை. உதவி வழங்குவோருக்கும் எண்கள் உவப்பானவை. தனது அளவுகோல்களைச் சமையற் குறிப்பைப் போலக் கையாளலாகாது என 1994ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பே எச்சரித்திருந்தது. முன்னுரையை வாசிப்போர் எப்போதும் சிலரே. எனினும் குற்றம் முழுவதையும் கையாண்டோர் மீது சுமத்துவது நேர்மையாகாது. எண்ணத்தக்கவாறு அமைக்கப்பட்ட நூல் எண்ணப்படவே செய்யும்.

2022இல் வந்த திருத்தப் பதிப்பு, நீடித்த துயரைப் புதியதொரு நோயாகச் சேர்த்துக்கொண்டது. நெருங்கிய ஒருவர் இறந்து பன்னிரண்டு மாதங்களேனும் கழிந்திருத்தல் வளர்ந்தோருக்கான முதல் நிபந்தனை. 2009இல் முடிவுற்ற போரிற் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு அந்த நிபந்தனையே பொருந்தாது. இறப்பு உறுதியாகவில்லை, ஆதலால் நாட்கணக்கைத் தொடங்குவதற்கும் இடமில்லை. யாழ்ப்பாணத்து வழக்கப்படி 31ஆம் நாள் அந்தியேட்டி செய்து துயருக்கு ஓர் எல்லை வகுப்பர். மகனுக்கு அதைச் செய்தால் அவன் இறந்துவிட்டதாகத் தாயே ஒப்புக்கொள்வதாகும். அதனாற் பல வீடுகளில் அது இன்றும் செய்யப்படவில்லை.