தந்தை தொழிலும் பிள்ளை படிப்பும்: சென்னை மாகாணம் முதல் தமிழ்நாடு வரை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தம் கலெக்டர்களிடம் ஒரு கணக்குக் கேட்டார்: எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள்? 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. 67 பேரில் ஒருவர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே பாடம் கேட்டவர்களையும் சேர்த்தால், ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றிருக்கலாம் என்பது அவர் மதிப்பீடு. இதிலும் சேராத படிப்பு ஒன்று இருந்தது. தறிக்குழியிலும் உலைக்களத்திலும் அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொழிற்படிப்பு அது. அதை எந்தக் கலெக்டரும் எண்ணவில்லை.

அந்தப் படிப்பின் சாயலை வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் இன்றும் காணலாம். ஸ்தபதி வீட்டுப் பையன் கைக்கு எடுத்தவுடன் உளி வருவதில்லை. மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய கலவையைப் பதமாகப் பிசைவது, காவிரி வண்டலைச் சலித்துக் குழைப்பது என்றுதான் தொடங்குவான். ஒடியோலை பிறகுதான். சிலையின் உயரத்துக்குத் தென்னையோலைக் கீற்றை நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து மடித்து முகம், மார்பு, நாபி என்று அளவு குறிக்க வேண்டும். சிற்பநூலின் சுலோகம் வாயில் நிற்பதற்கு முன்பே விரலுக்குக் கணக்குப் பிடிபட்டுவிடும். இந்த முறையில் பையனிடம் என்ன ஆகப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கலைத்தொழில் உள்ள வீட்டுக்கு அது செல்வம். ஊர்க்குப்பை அள்ளவும் செத்த மாட்டைத் தூக்கவும் விதிக்கப்பட்ட வீட்டுக்கு அதே முறை விலங்காக இருந்தது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பட்டம் வழியாயிற்று. ஏடும் கணக்கும் ஏற்கெனவே புழங்கிய குடும்பங்கள் முதலில் உள்ளே நுழைந்தன. தொழில் மாறியது, எழுத்துப் பழக்கம் என்ற சொத்து மட்டும் கைமாறாமல் வந்தது. இதற்குள்ளும் வழி பிரிந்தவர்கள் உண்டு. உ.வே. சாமிநாதையரின் தந்தை சங்கீத வித்துவான். மகன் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கச் சேர்ந்து, கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்றுவந்தார். மகாவித்துவானுக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் பாட்டை விட்டார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் பதவி கிடைத்தது.

தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் யோசனை 1937இல் காந்தியின் வார்தா திட்டத்தில் வந்தது. அங்கே நூற்பு, நெசவு போன்ற கைத்தொழில் எல்லா மாணவருக்கும் பொதுவான பாடம். யார் மகன் என்பது பொருட்டில்லை. சென்னை மாகாணத்தில் 1953இல் நடந்ததை இதனோடு சேர்த்துப் பேசுவது பிழை.

முதலமைச்சர் ராஜாஜி அந்தக் கல்வியாண்டில் கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் புகுத்திய திட்டத்தின் அலுவல் பெயர் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். குலக்கல்வி என்பது எதிர்த்தவர்கள் வைத்த பெயர், அதுவே நிலைத்தது. ஐந்து மணிநேரப் பள்ளி மூன்று மணிநேரமானது. ஒரு தொகுதி காலையில், மறு தொகுதி பிற்பகலில் வரும். அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு மடங்கு மாணவர். பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகளின் தொகையையும் கருவூலத்தின் நிலையையும் பார்த்தால் இந்தக் கணக்கில் குற்றம் சொல்ல முடியாது. வம்பு மீதி நேரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் பையன் தகப்பனோடு இருந்து அவர் தொழிலைப் பழக வேண்டும்; பெண்பிள்ளை தாயோடு வீட்டுவேலை கற்க வேண்டும். வண்ணார் மகனுக்கு வெள்ளாவி, நாவிதர் மகனுக்குக் கத்தி என்று அரசே அட்டவணை போட்டுத் தருவதாக மக்கள் அதைப் படித்தார்கள். பட்டணத்துப் பள்ளிகளுக்குத் திட்டம் இல்லை என்பது ஐயத்தை மேலும் வளர்த்தது.

பெரியாரின் திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவில் இறங்கின. 1953 ஜூலையில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு இரு பக்கமும் 138 வாக்குகள் விழுந்தன. சபாநாயகர் சிவசண்முகம் பிள்ளையின் வாக்கால் திட்டம் பிழைத்தது. ஆனால் நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற தீர்மானம் 139க்கு 137 என்று நிறைவேறியது. பருலேகர் தலைமையிலான அந்தக் குழு திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது. அரசியல் அதற்குள் கைமீறிப் போயிருந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகினார். காமராசர் அமைச்சரவை மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டது.

அதன் பிறகு பள்ளிக் கல்வியின் திசை வேறு. 1956இல் மதிய உணவு வந்தது. குலத்தொழிலும் அழிந்துவிடவில்லை, அதற்கு வேறொரு கதவு திறந்தது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கியபோது வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைமையேற்றார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்தவர் மகன் கணபதி ஸ்தபதி, கணிதப் பட்டதாரி. கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை இவர் கைவண்ணம். பரம்பரையும் பட்டமும் ஒருவரிடமே சேர்ந்த அரிய நிகழ்வு இது. கூடத்திலோ பிற குடும்பத்துப் பிள்ளைகளும் விண்ணப்பித்துச் சேர முடிந்தது. பிறப்பால் மட்டும் கிடைத்த பாடத்துக்கு விண்ணப்பப் படிவம் வந்ததுதான் பெரிய மாற்றம்.

2010இல் குடும்ப வரலாறு மறுபடியும் அரசு ஏட்டில் ஏறியது, தலைகீழாக. கலந்தாய்வு வழியே தொழிற்கல்லூரியில் சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதி செய்தால்தான் வருவாய்த் துறை அதை வழங்கும். 1953இல் தகப்பன் என்ன தொழில் செய்தான் என்பது கேள்வி. இங்கே அவன் என்ன படிக்கவில்லை என்பது கேள்வி. அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குச் சலுகை இல்லை. இது பல வீடுகளில் மனத்தாங்கலுக்குக் காரணம்.

பழைய சச்சரவு 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தோடு திரும்பியது. 18 கைத்தொழில்களைச் சேர்ந்தோருக்குப் பயிற்சியும் கடனும் தரும் அத்திட்டத்தில், குடும்ப வழித் தொழிலாக இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை கல்லூரியா, பட்டறையா என்று நிற்கும் வயது அது. இவற்றை மாற்றாவிட்டால் செயல்படுத்துவதில்லை என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு தெரிவித்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தனியே அறிவித்தது. அதில் சேரக் குறைந்தபட்ச வயது 35. தகப்பன் அதே தொழிலைச் செய்திருக்க வேண்டியதில்லை.