ரங்கூனிலிருந்து தேஹு ரோட்டுக்கு

புனேயில் லோனாவாலா லோக்கல் ஏறினால், ஆகுர்டியை அடுத்து வருவது தேஹு ரோடு. ராணுவக் கிடங்கை ஒட்டி வளர்ந்த ஊர். அங்குள்ள விகாரையில் இருக்கும் புத்தர் சிலை ரங்கூனிலிருந்து வந்தது. 1954 டிசம்பரில் ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பிய அம்பேத்கர், அம்மாதம் 25ஆம் தேதி அதைத் தம் கையாலேயே அங்கு நிறுவினார். 1927இல் மகாடில் அவர் தலைமையில் மனுஸ்மிருதியைத் தீயிலிட்டதும் இதே டிசம்பர் 25தான்.

சிலை வந்த வழிக்கு மிகப் பழைய கதை ஒன்று உண்டு. அசோகர் காலத்தில் பாடலிபுத்திரத்தில் மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் பௌத்த சங்கம் கூடியது. அது முடிந்ததும் நாலா திசைக்கும் பிக்குகளை அனுப்பினார்கள் என்கிறது இலங்கையின் மகாவம்சம். சோணரும் உத்தரரும் போனது சுவர்ணபூமிக்கு. மகாதம்மரக்கிதர் வந்தது மகாராஷ்டிரத்துக்கு. சுவர்ணபூமி தங்கள் தாட்டோன்தான் என்பது பர்மியரின் உறுதியான நம்பிக்கை. சோழரையும் பாண்டியரையும் பெயர் சொல்லும் அசோகரின் கல்வெட்டுகளில் சுவர்ணபூமி இல்லை. ஆகவே ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு பேரரசன் விட்டுச்சென்றதை எதைக் கொண்டு அளப்பது? பக்கத்திலேயே கார்லே, பாஜே குகைகளில் பிக்குகள் வாழ்ந்து ஓய்ந்து, பௌத்தம் இந்த மண்ணில் பேச்சுமூச்சற்றுப் போயிருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருந்த பர்மாவிலிருந்து திரும்பி வந்த சிலை, மன்னர்கள் யாரும் இல்லாமல், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் எழுப்பிய விகாரையில் அமர்ந்தது. அசோகரின் தூண்கள் எதையும்விட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

புத்தரைப் பற்றி எளிய நடையில் நூல் எழுதிவருவதாக அன்று கூட்டத்தில் அம்பேத்கர் சொன்னார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1957இல், 'புத்தரும் அவர் தம்மமும்' வெளிவந்தது. இன்றும் டிசம்பர் 25 வந்தால் வெள்ளை உடையில் குடும்பம் குடும்பமாக வந்து, பாலியில் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி வணங்குகிறார்கள்.

தேஹு ரோட்டில் சிலை வைத்தபோது அம்பேத்கர் இன்னும் பௌத்த தீட்சை பெற்றிருக்கவில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பெற்றார். அவர் தேர்ந்தெடுத்த அந்த நாள் அசோக விஜயதசமி. 1951 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரத்தில் பௌத்தர்கள் சுமார் 2,500 பேர். 1961இல் ஏறத்தாழ 28 லட்சம்.