‘மாற்று’ என்ற சொல்லும் தாவரச் சாயங்களின் வரலாறும்

பாக்டீரியாவுக்கு நிறமேற்றப் பீட்ரூட், செம்பருத்தி, மருதாணி முதலியவற்றின் சாறுகளைச் சோதிக்கும் ஆய்வுகள் இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் தொடர்ந்து வெளிவருகின்றன. அவை தாவரச் சாயத்தைப் பெரும்பாலும் ‘மாற்று’ என்றே குறிப்பிடுகின்றன. வரலாற்று நோக்கில் இச்சொல் வரிசையைத் தலைகீழாக்குகிறது.

நுண்ணோக்கியியலில் முதலில் இடம்பெற்றவை இயற்கைச் சாயங்களே. 1858-இல் கெர்லாக் மூளைத் திசுவுக்குப் பயன்படுத்திய கார்மைன், கள்ளியில் வாழும் ஒரு பூச்சியிலிருந்து கிடைப்பது. 1863-இல் வால்டேயர் கையாண்ட ஹீமடாக்சிலின், நடு அமெரிக்க மரமொன்றின் வைரப்பகுதியிலிருந்து பெறப்படுவது. 1871-இல் வைகெர்ட் திசுக்களில் பாக்டீரியாவைக் காட்டியதும் கார்மைனைக் கொண்டுதான். 1884-இல் பெர்லினில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் தம் முறையை வெளியிட்டபோதோ, அவர் பயன்படுத்தியது ஜென்ஷியன் வயலட் என்னும் அனிலின் சாயம்.

‘அனிலின்’ என்ற பெயரே ஒரு சான்று. வடமொழி ‘நீல’ என்பது பாரசீகம், அரபு வழியாகப் போர்த்துகீசியத்தில் ‘அனில்’ ஆயிற்று. முதலிலுள்ள ‘அ’ அரபு மொழியின் சுட்டு இடைச்சொல் விட்டுச்சென்ற எச்சம். 1840-இல் பிரிட்சே அவுரி நீலத்தைக் காரத்துடன் சேர்த்துப் பெற்ற எண்ணெய்க்கு இப்பெயரை இட்டார். பின்னர் அப்பொருள் நிலக்கரித் தாரை மூலமாகக் கொண்டு பேரளவில் உருவாக்கப்பட்டது. பெயர் மட்டும் அவுரியை நினைவூட்டியபடி நின்றது. சஃப்ரானினில் குங்குமப்பூ இல்லை. ஜென்ஷியன் வயலட்டில் ஜென்ஷியன் மலரும் இல்லை.

செயற்கைச் சாயங்கள் வென்றதற்கு விலையும் சீரான தரமும் மட்டும் காரணமல்ல. பாக்டீரியாவின் புறப்பரப்பு பொதுவாக எதிர்மின்னூட்டம் உடையது. கிரிஸ்டல் வயலட், மெதிலீன் புளூ ஆகியவை நேர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் நேரடியாகப் பற்றுகின்றன. மஞ்சளின் குர்குமினிலோ மருதாணியின் லாசோனிலோ அத்தகைய நிலையான நேர்மின்னூட்டம் இல்லை. மரமஞ்சளிலுள்ள பெர்பெரின் ஓர் அரிய விதிவிலக்கு.

இக்குறையை நீக்கும் வழியையும் வரலாறே காட்டுகிறது. 1865-இல் போமர் படிகாரத்தைச் சேர்த்த பிறகே ஹீமடாக்சிலின் நம்பகமான சாயமாயிற்று. அலுமினியத்துடன் இணைந்து நேர்மின்னூட்டம் பெறும் அச்சாயம் உயிரணுவின் உட்கருவைப் பற்றுகிறது. நோய்க்குறியியல் ஆய்வகங்களில் இன்றும் அன்றாடம் பயன்படும் தாவரச் சாயம் அது. சோழமண்டலக் கரையின் சாயத்தொழிலாளர்கள் சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிலைநிறுத்தியதும் படிகாரத்தின் துணையால்தான்.

கழிவுநீரில் எளிதில் சிதையாத கிரிஸ்டல் வயலட்டுக்குப் பதிலி தேடுவது நியாயமே. ஆயினும் ‘நிறமேற்றியது’ என்பதும் ‘வேறுபடுத்தியது’ என்பதும் இருவேறு வினைகள். கிராம் முறையின் உயிர்நாடி ஆல்கஹாலால் கழுவும் படிநிலை: அயோடினுடன் பிணைந்த சாயத்தைத் தடித்த செல்சுவர் தக்கவைக்கிறது; மெல்லிய சுவர் இழந்துவிடுகிறது. இத்தேர்வைக் கடக்காத சாறு சஃப்ரானினின் இடத்தை நிரப்பக்கூடும். கிரிஸ்டல் வயலட்டின் இடத்தை நிரப்பாது. மருத்துவமனையில் கிராம் முடிவை நம்பியே முதல் மருந்து தெரிவாவதும் உண்டு. அங்கே இவ்வேறுபாடு நோயாளியின் உயிரோடு தொடர்புடையது.

ஆகவே இத்துறையில் நுழையும் மாணவர் ஒரு கட்டுரையிலுள்ள வண்ணப்படத்தைப் பார்க்குமுன் மூன்று செய்திகளைத் தேட வேண்டும்: எந்த உலோக உப்பு சேர்க்கப்பட்டது, கரைசலின் அமிலத்தன்மை எவ்வளவு, ஈ. கோலையும் ஸ்டாஃபைலோகாக்கஸும் ஒரே கண்ணாடித் தகட்டில் அருகருகே சோதிக்கப்பட்டனவா.