ஃபைவ் ரோசஸ் மாவு விளம்பரங்கள்

ஃபைவ் ரோசஸ், கனடாவின் பழைய கோதுமை மாவுப் பெயர்களுள் ஒன்று. 1887இல் தோன்றிய லேக் ஆஃப் த வுட்ஸ் மில்லிங் கம்பெனி இம்மாவை விற்றுவந்தது.

இதன் விளம்பரங்களில் செழுமையானவை 1910களில் வந்தவை. ‘வெளுக்காதது, கலக்காதது’ என்பது அவற்றின் முழக்கம். புதிதாக அரைத்த மாவில் இளமஞ்சள் சாயல் இருக்கும். சில வாரம் இருப்பில் கிடந்தால்தான் அது வெளுக்கும். அவ்வளவு காலம் வைத்திருக்க விரும்பாத ஆலைகள் நைட்ரஜன் பெராக்சைடு வாயுவைச் செலுத்தி உடனே வெளுக்கத் தொடங்கின. அப்படி வெளுத்த மாவு பற்றிய வழக்கு 1914இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. குறையாகத் தோன்றக்கூடிய சாயலையே தூய்மைக்குச் சான்றாக்கியது அம்முழக்கத்தின் கெட்டிக்காரத்தனம்.

1913இல் நிறுவனம் மொன்றியலிலிருந்து ஒரு சமையல் நூலையும் வெளியிட்டது. 1915 பதிப்பின் முகப்பு, நாடெங்கும் இம்மாவைப் பயன்படுத்தும் 2,000க்கும் மேற்பட்டோர் அனுப்பியவற்றிலிருந்து குறிப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சொல்கிறது. எண்ணிக்கை நிறுவனத்தின் கூற்றே. நாளிதழ் விளம்பரம் மறுநாள் பொட்டலம் கட்டப் போய்விடும்; இந்நூலோ ரொட்டிக்கும் கேக்குக்கும் அளவு சொல்லியபடி வருடக்கணக்கில் அடுப்படியில் இருக்கக்கூடியது. பிரெஞ்சு மொழியிலும் ‘லா குய்சினியேர் ஃபைவ் ரோசஸ்’ என்ற பெயரில் அது வந்தது. பிரெஞ்சு பேசும் வீடுகளை அவர்கள் மொழியிலேயே அணுகிய இந்த அக்கறை குறிப்பிடத்தக்கது.

மொன்றியல் துறைமுகத்தருகே ஒகில்வி மாவு ஆலையின் உச்சியில் 1948இல் ‘ஃபரீன் ஒகில்வி ஃப்ளவர்’ என்ற செந்நிற நியான் பலகை எழுந்தது. முதற்சொல் பிரெஞ்சிலும் கடைசிச் சொல் ஆங்கிலத்திலும் ‘மாவு’ என்றே பொருள்படும். 1954இல் ஒகில்வி நிறுவனம் லேக் ஆஃப் த வுட்ஸை வாங்கியதும், நடுவே ‘ஒகில்வி’க்குப் பதில் ‘ஃபைவ் ரோசஸ்’ ஏறியது. 1977இல் ‘ஃப்ளவர்’ நீங்கியது. அவ்வாண்டு கியூபெக்கில் நிறைவேறிய பிரெஞ்சு மொழிச் சாசனமே காரணம் என்பது பரவலான கருத்து. பிரெஞ்சுச் சொல்லும் ஆங்கில வணிகப் பெயரும் தங்கின. எஞ்சியவை 15 எழுத்துகள். ஒவ்வொன்றும் சுமார் 15 அடி உயரம்.

2006இல் வணிகப் பெயர் ஸ்மக்கர் நிறுவனத்துக்குக் கைமாறியபோது பலகை சில காலம் அணைந்து, நகரவாசிகளின் ஆதரவுக் குரலுக்கிடையே மீண்டும் எரிந்தது. கான்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மாட் சோர் இதன் வரலாற்றைத் திரட்டினார். நகரின் மற்றோர் உணவு விளம்பரமான, 1930இல் எழுந்த கேரன்டீட் பால் நிறுவனத்தின் பெரும் பால் புட்டியும் 2009இல் சீரமைக்கப்பட்டது.