டயர் வண்டியும் டிராக் வண்டியும்: ஒரே டிரெய்லரில் வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம், புல்வெளி, கல் பதித்த நடைபாதை அமைத்துப் பிழைக்கும் சிறு ஒப்பந்தக்காரர் முதல் இயந்திரம் வாங்கப் போனால், விற்பனையாளர் அவருக்கு இரண்டு வண்டிகளைக் காட்டுவார். ஒன்று நான்கு டயரில் ஓடும் ஸ்கிட் ஸ்டியர் லோடர். மற்றொன்று ரப்பர் டிராக்கில் ஊர்ந்து போகும் காம்பேக்ட் டிராக் லோடர். இரண்டிலும் முன்னால் வாளி, நடுவில் ஓட்டுநர் கூண்டு, பின்னால் எஞ்சின். ஒரே பெயர் வரிசை, ஒரே குதிரைத்திறன், வித்தியாசம் காலில் மட்டும்தான் என்று தோன்றும். விலைச்சீட்டில் டிராக் வண்டிக்குப் பல ஆயிரம் டாலர் கூடுதலாக இருக்கும். அந்த விலை வித்தியாசத்தைச் சுற்றியே பேரம் நடக்கும்.

என் கருத்தில் அந்த ஒப்பீடு தவறான இடத்தில் தொடங்குகிறது. தோட்ட வேலைக்கான வண்டி ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று ஒரு வீட்டின் பின்கட்டு, நாளை வேறு ஊரில் ஒரு பள்ளி வளாகம். ஒவ்வொரு வேலைக்கும் அதை டிரெய்லரில் ஏற்றி, கட்டி, இழுத்துப் போய், இறக்க வேண்டும். வாங்கும் விலையை ஒருமுறைதான் கொடுக்கிறோம். இழுக்கும் செலவு வாரம் தவறாமல் வந்து நிற்கிறது.

இந்த இரண்டு வண்டிகளும் மின்னசோட்டா மாநிலத்தோடு பிறப்புத் தொடர்பு உள்ளவை. ரோத்ஸே என்ற சிற்றூரில் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள் 1957இல் ஒரு சிறிய மூன்று சக்கர லோடரைச் செய்தார்கள். வான்கோழி வளர்த்த ஒரு பண்ணையாளருக்கு மாடிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய வண்டி தேவைப்பட்டது. மாடித் தளம் தாங்கும் அளவுக்கு அது எடை குறைவாக இருக்க வேண்டும். தூண்களுக்கு இடையே திரும்பும் அளவுக்குச் சிறியதாகவும் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பக்கத்து வடக்கு டகோட்டாவின் மெல்ரோ நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 1960இல் நான்கு சக்கர எம்-400 வந்தது. பிறகு அந்த வரிசைக்கு பாப்கேட் என்ற பெயர் நிலைத்தது. மின்னசோட்டாவின் வடக்கே, மார்செல் என்ற ஊரில், எட்கர் ஹெட்டீனும் கேரி லெம்கேயும் 1983இல் ஏஎஸ்வி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஹெட்டீன் பனிவண்டித் தொழிலில் பெயர் பெற்றவர். ஆழ்பனியில் புதையாமல் போகும் வண்டியில் தொடங்கிய அந்த நிறுவனம் 1990 வாக்கில் ரப்பர் டிராக் லோடருக்கு வந்து சேர்ந்தது. ஆக, டயர் வண்டி எடைக்குறைவுக்காகப் பிறந்தது. டிராக் வண்டி எடையைப் பரப்பி வைப்பதற்காகப் பிறந்தது. இன்றும் இரண்டின் கணக்கும் அந்தப் பிறவிக்குணத்தை ஒட்டியே போகிறது.

எண்களைப் பார்ப்போம். பாப்கேட் எஸ்76 டயர் வண்டியின் எடை சுமார் 8,600 பவுண்டு, அதாவது 3,900 கிலோ. அதற்கு இணையாகக் காட்டப்படும் டி76 டிராக் வண்டி சுமார் 10,250 பவுண்டு, 4,650 கிலோ. இரண்டுக்கும் 74 குதிரைத்திறன். இரண்டும் 2,900 பவுண்டு தூக்கும் என்றே சீட்டில் இருக்கும். ஆனால் அந்த 2,900 இரண்டிலும் ஒன்றல்ல. டயர் வண்டிக்கு, வண்டி முன்பக்கம் கவிழும் எடையில் 50 சதவீதத்தைத் தூக்கும் திறனாக எழுதுவது வழக்கம். டிராக் வண்டிக்கு 35 சதவீதம்தான் எழுதுவார்கள். திருப்பிக் கணக்கிட்டால் எஸ்76 கவிழும் எடை 5,800 பவுண்டு, டி76க்கு ஏறக்குறைய 8,300. ஒரு பலகைக்கட்டுக் கல்லைச் சரிவில் தூக்கிக்கொண்டு போகிறவர் கையிலேயே இந்த வித்தியாசத்தை உணர்வார்.

மண்ணிலும் அப்படித்தான். டிராக் வண்டி சதுர அங்குலத்துக்கு 4, 5 பவுண்டு அளவில் தரையை அழுத்தும். டயர் வண்டியின் அழுத்தம் 30ஐத் தாண்டிவிடும். மழை பெய்த மறுநாள் களிமண் மனையில் டயர் வண்டி சக்கரத்தடம் வெட்டி நிற்கும்போது டிராக் வண்டி மேலாகப் போய்விடும். ஊருக்கு ஊர் மாறினாலும், வசந்த காலத்தில் ஈரம் காயாத பகுதிகளில் ஆண்டுக்குப் பல வேலை நாட்களை அது மீட்டுத் தரும். அதற்காக டிராக் வண்டி புல்லைக் கெடுக்காது என்று நம்பிவிடக் கூடாது. நின்ற இடத்தில் சுழற்றினால் வேரோடு உரித்துவிடும். முன்னும் பின்னும் எடுத்து மெல்லத் திருப்பத் தெரிந்த ஓட்டுநர் வேண்டும்.

இனி விலை. கடைக்குக் கடை மாறும் என்பதால் ஒரு மாதிரிக் கணக்காகவே எடுத்துக்கொள்வோம். டயர் வண்டி 55,000 டாலர், டிராக் வண்டி 75,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 600 மணி நேரம், ஐந்து ஆண்டு ஓட்டி, முறையே 25,000க்கும் 38,000க்கும் விற்றால், தேய்மானம் மணிக்கு 10 டாலரும் 12 டாலர் சொச்சமும். ஒரு செட் டயர் 1,400 டாலருக்கு 500 மணி நேரம் வந்தால் மணிக்கு 2.80. ஒரு ஜோடி டிராக் 3,600 டாலருக்கு 1,400 மணி நேரம் வந்தால் 2.60க்குக் கீழ், அதோடு அடியில் உள்ள உருளைகள், பல்சக்கரங்களுக்கு இன்னும் ஒன்றரை டாலர் சேர்க்க வேண்டும். வட்டியும் எரிபொருளும் சேர்ந்தாலும் இரண்டுக்கும் இடையே மணிக்கு ஐந்தாறு டாலருக்கு மேல் இடைவெளி வராது. கேட்டதும் மலைக்க வைக்கும் 20,000 டாலர் வித்தியாசம், வேலை நிறைய இருக்கும் ஆளிடம் இப்படிக் கரைந்துபோகிறது. ஆண்டுக்கு 200 மணி நேரம் மட்டுமே ஓட்டுகிறவரிடம் கரையாது. அவர் வாங்கவே கூடாது என்பேன்.

கரையாமல் நிற்பது டிரெய்லர் கணக்கு. லேண்ட்ஸ்கேப்பிங் ஆட்கள் பெரும்பாலும் வைத்திருப்பது 14,000 பவுண்டு டிரெய்லர். 7,000 பவுண்டு அச்சு இரண்டு. அதன் சொந்த எடையே 3,500 அளவுக்கு இருக்கும். மிச்சம் 10,500. எஸ்76ஐ ஏற்றினால் இன்னும் 1,900 பவுண்டுக்கு இடம் உண்டு. பலகைக்கட்டு தூக்கும் முள்ளும், குழி தோண்டும் ஆகரும், கவ்விப் பிடிக்கும் ஒரு கிராப்பிளும் உடன் வரும். டி76ஐ ஏற்றினால் மிச்சம் 250 பவுண்டு. முள்ளை வைத்தாலே வரம்பு தாண்டும். துணைக்கருவி இல்லாமல் போன வண்டி பாதி வேலைக்குத்தான் உதவும்; இன்னொரு நடை போக வேண்டியிருக்கும். அல்லது 16,000 பவுண்டு டிரெய்லர் வாங்க வேண்டும்.

டிரெய்லர் பெரிதானால் அதை இழுக்கும் பிக்கப்பைப் பற்றிச் சட்டம் பேசத் தொடங்கும். இழுக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, டிரெய்லர் மட்டும் 10,000ஐத் தாண்டினால், கூட்டாட்சி விதிப்படி ஓட்டுநருக்கு கிளாஸ் ஏ வணிக உரிமம் வேண்டும். அங்கே பார்ப்பது அன்று ஏற்றிய சுமையை மட்டுமல்ல, உற்பத்தியாளர் தகட்டில் பொறித்த எடை வரம்பையும்தான். 10,000 பவுண்டு வரம்புள்ள ஃபோர்டு எஃப்-250யோடு 14,000 டிரெய்லர் சேர்ந்தால் 24,000, சாதாரண உரிமம் போதும். 16,000 டிரெய்லர் சேர்ந்தால் சரியாக 26,000, ஒரு பவுண்டு குறைவில் தப்பிக்கலாம். ஆனால் அவ்வளவு சுமை இழுக்கப் பின்னால் இரட்டைச் சக்கரம் வேண்டும் என்று 14,000 வரம்புள்ள பிக்கப்பை வாங்கினால் கூட்டுத்தொகை 30,000. 2022 பிப்ரவரியிலிருந்து கிளாஸ் ஏ உரிமத்துக்கு முதன்முறை விண்ணப்பிப்பவர் அங்கீகரித்த பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். கோடையில் சேரும் இளைஞனிடம் சாவியைக் கொடுத்து அனுப்ப முடியாது. உரிமம் உள்ளவர் கூடுதல் சம்பளம் கேட்பார். அவர் வராத நாளில் வண்டி ஷெட்டிலேயே நிற்கும்.

கட்டும் சங்கிலியிலும் இதே எல்லைக்கோடு. 10,000 பவுண்டும் அதற்கு மேலும் எடையுள்ள இயந்திரத்தைக் குறைந்தது நான்கு கட்டுகளால் கட்ட வேண்டும், ஒவ்வொன்றும் 5,000 பவுண்டு தாங்க வேண்டும், வாளியை இறக்கி அதையும் தனியே கட்ட வேண்டும் என்கிறது விதி. டி76 வெறும் 250 பவுண்டில் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் கிரேடு 70 சங்கிலியில் 5/16 அங்குலம் தாங்குவது 4,700 பவுண்டுதான். 3/8 அங்குலத்துக்குப் போக வேண்டும். அது 6,600 தாங்கும். இதைக் காகிதச் சிக்கல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அவசர பிரேக்கில் நாலரை டன் இரும்பு முன்னோக்கி நகர்ந்தால் முதலில் நசுங்குவது பிக்கப்பின் பின்பக்கம்.

இதனால்தான் ஒரே அளவு வண்டிகளை ஒப்பிடுவது பயன் தராது என்கிறேன். ஒப்பிட வேண்டியது ஒரே டிரெய்லரில் ஏறும் வண்டிகளை. எஸ்76க்கு எதிரே நிறுத்த வேண்டியது ஒரு படி சிறிய டி66 டிராக் வண்டி. எடை சுமார் 9,000 பவுண்டு. பழைய 14,000 டிரெய்லரிலேயே ஒன்றிரண்டு கருவியோடு ஏறும். சீட்டில் அது 2,450 பவுண்டுதான் தூக்கும். எஸ்76ஐவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் 35 சதவீதக் கணக்கில் அது கவிழும் எடை 7,000 பவுண்டு, எஸ்76ஐவிட 1,200 கூடுதல். ஈரத் தரையில் நிற்கும், அதே பிக்கப் இழுக்கும், அதே ஆள் ஓட்டுவார். வாளியைத் தூக்கும் கையின் உயரம் குறைவு என்பதால் உயரமான டிப்பர் லாரிக்கு மண் ஏற்றுகிறவருக்கு ஒத்துவராது. வீட்டுத் தோட்ட வேலைக்கு அந்த உயரம் அபூர்வமாகவே தேவைப்படும்.

எந்த வண்டியானாலும் இழுவைக்குத் தனி விலை வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜேசிபி பெரும்பாலும் தன் டயரிலேயே சாலையில் ஓடி வந்துவிடும். அமெரிக்கத் தோட்ட லோடருக்கு அந்த வசதி இல்லை. 25 மைல் தொலைவில் ஒரு வேலை என்று வையுங்கள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஷெட்டில் ஏற்றிக் கட்ட, அங்கே அவிழ்த்து இறக்க, மறுபடி ஏற்ற, மறுபடி இறக்க, ஒவ்வொன்றுக்கும் கால் மணி. மொத்தம் இரண்டரை மணி. ஆள் செலவு மணிக்கு 45 டாலர் என்றால் 112. பிக்கப்பும் டிரெய்லரும் மைலுக்கு ஒன்றரை டாலர் தின்றால் 75. ஆக 187 டாலர். அங்கே மூன்று மணி நேர வேலைக்கு மணிக்கு 100 வீதம் 300 வாங்கினால், அதில் பாதிக்கு மேல் ரோட்டிலேயே போய்விட்டது. பக்கத்து ஒப்பந்தக்காரர் மணிக்கு 90 கேட்கிறார் என்று தன் விலையை 85க்கு இறக்குகிறவர் இந்த 187ஐ எங்கேயும் எழுதியிருக்க மாட்டார். அடுத்தடுத்த இரண்டு நாள் வேலையை ஒரே தெருவில் அமைத்துக்கொள்வது, டயரா டிராக்கா என்ற தேர்வைவிடப் பெரிய லாபம்.

டயர் வண்டிக்குச் சாதகமான இடங்களையும் மறைக்கக் கூடாது. கான்கிரீட்டும் தாரும் அதிகமுள்ள மனைகளில் டிராக் வீணாகத் தேயும். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கினால் கிழியும். குளிர் மாநிலங்களில் தோட்ட ஆட்கள் டிசம்பரிலிருந்து வாகன நிறுத்தங்களில் பனி தள்ளியே குடும்பம் நடத்துகிறார்கள். ஆழமான புதுப்பனியில் மிதக்கும் ரப்பர் டிராக், இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் வழுக்கும். டிராக்கின் இடுக்கில் ஒட்டிய சேறு இரவில் உறைந்தால் காலையில் உருளைகளே சுழலாது. பனிக்கால வருமானம் பாதி என்றிருப்பவர் டயரை விடக் கூடாது.

அப்படிப்பட்டவருக்கு நான் சொல்வது இதுதான்: டயர் வண்டியைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஈரமான மாதங்களுக்கு மட்டும் டிராக் வண்டியை வாடகைக்கு எடுங்கள். வாடகைக் கடைக்காரர் தன் லாரியில், தன் உரிமம் பெற்ற ஓட்டுநரோடு, மனைக்கே கொண்டுவந்து இறக்குவார். அவருடைய பில்லில் நாள் வாடகை ஒரு வரி, கொண்டுவந்து விடும் கூலி ஒரு வரி, திரும்ப எடுக்கும் கூலி இன்னொரு வரி. அந்த மூன்று வரிகளையும் அப்படியே உங்கள் மதிப்பீட்டுச் சீட்டிலும் தனித்தனியாக எழுதி வாடிக்கையாளரிடம் கொடுங்கள். சொந்த வண்டியை இழுத்துப் போகும் நாட்களிலும் அதே படிவத்தையே பயன்படுத்துங்கள்.